ஏலத்தோட்டத்துப் பூஞ்சையை ஆய்வுக்கு எடுக்கிறீர்களா? மழைக்கு முன்பே தொடங்குங்கள்

முதல் வருடம் ஜூன் பாதியில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தின் வாசலில் போய் நின்றேன். பையில் கத்தரி, பிரவுன் கவர், மார்க்கர் எல்லாம் இருந்தன. கடிதம் மட்டும் இல்லை. உடும்பன்சோலைத் தாலுகாவில் லயத்தில் வளர்ந்தவள் நான். இந்த மலையில் என்னை யார் தடுப்பார்கள் என்ற எண்ணம். மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "காலேஜ் லெட்டர் இருக்காம்மா?" திரும்பி இறங்கினேன். முத்திரையோடு கடிதம் கைக்கு வந்தபோது செப்டம்பர். அதற்குள் தோட்டம் முழுக்கத் துருசு, அதாவது பூஞ்சையைக் கொல்லும் செம்பு மருந்து, அடித்துவிட்டார்கள். ஒரு மழைக்காலம் போனது என்றால் ஆய்வில் ஒரு வருடமே போனது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் இடுக்கியின் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் எம்எஸ்சி புராஜெக்டுக்கோ பிஎச்டிக்கோ பூஞ்சையை எடுக்கும் தம்பி தங்கைகள் இப்போது பலர். அவர்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நோயுற்ற செடியிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அது தயாரிக்கும் இயற்கைச் சேர்மங்களை வெளியே எடுத்துப் பார்ப்பது வரைக்கும் இதில் இருக்கிறது. மனிதருக்கு நோய் தரும் கேண்டிடா, அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் போன்றவற்றுக்கு இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். சாதாரணக் கல்லூரி லேபில் அவற்றைத் தொடாதீர்கள்.

1. ஒரு பயிர், ஒரு நோய், ஒரு பூஞ்சை

மிளகு, ஏலம், காப்பி மூன்றையும் சேர்த்துத் தலைப்பு வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. மூன்று வருடம் பட்டியல் போடுவதிலேயே போய்விடும், ஒரு சேர்மம்கூடக் கையில் வராது.

அழுகலும் வேண்டாம் என்பேன். காயும் சரமும் அழுகும் ஏலத்தின் அந்த நோய்தான் தோட்டத்தில் பெரிய நஷ்டம், அதனால் முதலில் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் போகும். என் கண்ணும் போனது. அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா உண்மையான பூஞ்சையே அல்ல. ஊமைசீட் என்ற தனிக் கூட்டத்தைச் சேர்ந்தது. மிளகின் திடீர் வாடலுக்குக் காரணமான ஃபைட்டோப்தோரா கேப்சிசியும் அதே கூட்டம்தான். அவற்றுக்கு கேரட் அகார் போன்ற வேறு ஊடகமும் (பூஞ்சை வளர்க்கும் உணவுக் கலவை), மற்ற பூஞ்சைகளை அடக்கும் மருந்துக் கலவையும் வேண்டும். சாதாரண உருளைக்கிழங்கு ஊடகத்தில் வைத்தால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஃபியூசாரியம் முந்தி வளரும். அதைப் பார்த்துவிட்டு "அழுகலுக்குக் காரணம் ஃபியூசாரியம்" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

இரண்டாம் வருடம் நான் வேர் அழுகல், தட்டை (தண்டு) அழுகல் பக்கம் திரும்பினேன். அங்கே கிடைக்கும் ஃபியூசாரியம் ஆக்ஸிஸ்போரம் சாதாரண ஊடகத்தில் நன்றாக வளரும், மழை விட்ட பிறகும் கிடைக்கும். ஃபியூசாரிக் அமிலம், பைக்காவெரின் என்ற சிவப்பு நிறமி, பியூவெரிசின் என்று இந்த இனம் தயாரிக்கும் சேர்மங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. புதிதாக வருபவருக்கு இதுதான் ஏற்றது என்பது என் கருத்து. இனி வரும் படிகளை இதை வைத்தே சொல்கிறேன்.

2. தாள்கள்: பிப்ரவரியிலேயே

ஜூனில் மழை. ஏப்ரல், மே கல்லூரிக்குத் தேர்வும் விடுமுறையும். ஆகவே கடிதம் கேட்க வேண்டிய மாதம் பிப்ரவரி, தள்ளிப்போனால் மார்ச். வழிகாட்டியும் துறைத்தலைவரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்த அசல் ஐந்து பிரதியாவது வாங்குங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஒப்பம் இட்ட நகலை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கேரளப் பக்கம் போவதற்கு ஆங்கிலத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று இருந்தால் வாசலிலேயே வேலை முடியும்.

"ஆய்வுக்கு அனுமதி வேண்டுகிறோம்" என்று மட்டும் எழுதினால் எந்த மேலாளரும் யோசிப்பார். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை செடி, செடியில் எந்தப் பாகம், எவ்வளவு என்று எழுதுங்கள். தோட்டத்தின் பெயர் ஆய்வேட்டில் வராது, ஊர்ப்பெயர் மட்டும் வரும் என்றும், முடிவைத் தோட்டத்துக்கே முதலில் சொல்வோம் என்றும் எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளைச் சேர்த்த பிறகு எனக்கு யாரும் மறுக்கவில்லை. தோட்டத்தில் நோய் இருக்கிறது என்ற பேச்சு வெளியே போய்விடுமோ என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயம் நியாயமானது. ராஜகுமாரி, நெடுங்கண்டம் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் போனால் இன்னும் சுலபம். ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் சம்மதம் கிடைத்துவிடும். ஆனாலும் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.

காட்டுக்குள் மாதிரி எடுப்பது வேறு விஷயம். பெரியாறு புலிகள் காப்பகம், சின்னாறு சரணாலயம், மேகமலை போன்ற இடங்களில் ஓர் இலையைப் பறிக்கவும் அந்தந்த மாநிலத்துத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கேரளப் பக்கத்துக்குத் திருவனந்தபுரம், தமிழ்நாட்டுப் பக்கத்துக்குச் சென்னை. மாதக்கணக்கில் ஆகும். எம்எஸ்சி புராஜெக்ட் என்றால் காட்டை விட்டுவிடுங்கள், தனியார் தோட்டமே போதும்.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 பற்றி பலர் குழம்புகிறார்கள். இந்தியக் குடிமகன் இந்திய நிறுவனத்தில் கல்விக்காகச் செய்யும் ஆய்வுக்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் பூஞ்சைக் கல்ச்சரை (லேபில் வளர்த்த பூஞ்சையை) வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது, அதன் சேர்மத்துக்குக் காப்புரிமை கேட்பது என்றெல்லாம் வந்தால் சட்டம் உள்ளே வந்துவிடும். அந்த ஆணையம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. "ஒரு ஸ்லாண்ட் (கல்ச்சர் வளர்ந்த குழாய்) அனுப்புங்கள், நாங்கள் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். வழிகாட்டியிடம் காட்டி, முறைப்படி என்ன வேண்டுமோ அதைச் செய்த பிறகே அனுப்புங்கள்.

3. செலவைத் தாளில் போட்டுப் பாருங்கள்

என்ன செலவாகும் என்று தெரியாமல்தான் நான் இறங்கினேன். கீழே உள்ள தொகைகள் நான் கொடுத்தவை. நீங்கள் கேட்கும்போது மாறியிருக்கும், எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள்.

மரபணு வரிசை பார்க்க ஒரு மாதிரிக்கு, ஒரு மரபணுவுக்கு 1,200 ரூபாய். சாற்றில் என்னென்ன சேர்மம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவிக்கு ஒரு மாதிரிக்கு 2,000 ரூபாய். இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடு தனி. இந்த "தனி"யை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பத்து மாதிரிக்குப் பணம் கட்டப் போய் எட்டுக்குத்தான் கட்ட முடிந்தது.

ஊடகத்தில் மிச்சம் பிடிக்கலாம். ரெடிமேட் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் பொடி லிட்டருக்கு 39 கிராம் வேண்டும். 500 கிராம் டப்பா ஒன்று ஏறக்குறைய 12 லிட்டருக்கு வரும், பூஞ்சை வளர்க்கும் பெட்ரி தட்டுக்கு 20 மில்லி வீதம் 600 தட்டு. கையிலேயே காய்ச்சினால் லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார். பூஞ்சையைப் பிரிக்கவும் பயிற்சிக்கும் கையால் காய்ச்சியது போதும். சேர்மம் எடுக்கும் கட்டத்தில் மட்டும், அகார் சேர்க்காத திரவ ஊடகப் பொடியே வாங்குங்கள். ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், இந்த வாரச் சாறும் அடுத்த வாரச் சாறும் ஒத்துப்போகாது.

பெரிய கருவிகளுக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் உள்ள நுண்கருவி மையம் ஒன்று, கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஸ்டிக் மையம் ஒன்று. ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசுத் தளத்தில் நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்யலாம். வரிசை நீளமாக இருக்கும். மாதிரி தயாராகும் வரை காத்திருக்காமல் முன்பே எழுதிக் கேளுங்கள்.

4. மாதிரி எடுக்கும் நாள்

தோட்டக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதுதான். போர்டோ கலவை அடித்த ஒரு வாரத்தில் எடுத்த மாதிரியில் எதுவும் வளராமல் போகலாம். அடித்தது வேறு பூஞ்சைக்கொல்லி என்றால் அதன் எச்சம் கடைசியில் உங்கள் வேதிப் பகுப்பாய்வில்கூட வந்து நிற்கும். பதிலை நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

முழுக்க அழுகிய துண்டை எடுக்காதீர்கள், அதில் நோய்ப் பூஞ்சை செத்துப்போய் குப்பையில் வாழும் பூஞ்சைகள்தான் இருக்கும். நல்ல திசுவும் கெட்ட திசுவும் சந்திக்கும் ஓரம்தான் வேண்டும். பாதி வெள்ளை, பாதி பழுப்பாக இருக்கும் வேர்த்துண்டு கிடைத்தால் அதுதான் தங்கம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து பாக்டீரியா ஏறும், அதனால் காகிதக் கவர். கவரின் மேல் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை மழையில் கரைந்து, நான்கு கவர் எதுவென்று தெரியாமல் நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். இடத்தின் முதலெழுத்து, செடி எண், துண்டு எண் என்று ஒரு குறியீடு வையுங்கள். "நெ-3-2" என்றால் நெடுங்கண்டம், மூன்றாம் செடி, இரண்டாம் துண்டு. இந்தக் குறியீடு தட்டிலும் ஸ்லாண்டிலும் சாற்றுக் குப்பியிலும் கடைசிவரை மாறக்கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேலே ஸ்வெட்டர் போடும் குளிர். கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போடிக்கு வந்தால் பஸ்ஸுக்குள் கொதிக்கும். பஸ் ஜன்னலோரம் வைத்த மாதிரி லேபுக்கு வருவதற்குள் வெந்துவிடும். ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டி, அடியில் ஐஸ் பேக், அதன் மேல் நாலு மடிப்பு செய்தித்தாள், அதன் மேல் கவர்கள் என்று வையுங்கள். முடிந்தால் அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் காலைக்குள் தட்டில் வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை மாதிரி எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருப்பதைப் பார்த்து நிற்காதீர்கள்.

சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் அந்த ஒப்பமிட்ட நகலைக் காட்டுங்கள். எனக்கு ஒரு முறை கம்பம்மெட்டில் தேவைப்பட்டது, இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஏலத்தோட்டத்துக்குள் குனிந்து நுழையும்போது இலையும் சருகும் கண்ணில் கீறும். அப்படிப்பட்ட கீறல் வழியாக ஃபியூசாரியம் கருவிழிக்குள் போய்ப் புண்ணாக்குவது தென்னிந்தியாவில் விவசாய வேலை செய்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் நோய். நீங்கள் தேடிப் போகும் அதே பூஞ்சைப் பேரினம்தான். கண்ணில் பட்டு, மறுநாளும் சிவந்து வலித்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை மோசமாக்கும்.

5. தட்டில் வைப்பது

ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். சுத்தமான வடிதாளில் ஈரம் போக ஒற்றி, தட்டுக்கு நான்கு துண்டு. 25 முதல் 28 டிகிரியில் மூன்று நாள் முதல் ஐந்து நாள்.

பலர் விடும் சோதனை ஒன்று: கடைசியாக அலசிய நீரில் ஒரு சொட்டை எடுத்துத் தனித் தட்டில் போடுங்கள். அதில் பூஞ்சை வளர்ந்தால் மேற்பரப்பு சுத்தமாகவில்லை என்று அர்த்தம், உள்ளிருந்து வந்தது என்று நீங்கள் சொல்ல முடியாது.

பாக்டீரியாவைத் தடுக்க ஊடகத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பீர்கள். குளோராம்பெனிகால் வெப்பத்தைத் தாங்கும், ஊடகத்தோடு சேர்த்தே ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் தாங்காது, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். பாட்டிலைக் கையில் பிடிக்க முடிகிற சூடு.

பச்சையாகத் தட்டு முழுக்கப் பரவுவது பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா. பல தோட்டங்களில் அதை உயிரியல் பூஞ்சைக்கொல்லியாக மண்ணிலேயே போடுகிறார்கள். அது வந்த தட்டைத் திறக்காமல் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். திறந்தால் அறை முழுக்க வித்து (ஸ்போர்).

தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கம் சில லேப்களில் இருக்கிறது. சீனியர் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். மஞ்சள் பச்சையாக வருவது அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸாக இருக்கலாம். அது தயாரிக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

6. தூய கல்ச்சர், உடனே சேமிப்பு

துண்டிலிருந்து வெளியே வரும் இழையின் நுனியை எடுத்துப் புதுத் தட்டில் வையுங்கள். வித்து வந்ததும் நீரில் கரைத்து மெல்லியதாகப் பரப்பி, ஒற்றை வித்திலிருந்து முளைத்த ஒன்றை மட்டும் எடுத்து வளர்க்க வேண்டும். இந்த ஒரு வாரத்தைச் சோம்பி விட்டால், ஒரே தட்டில் இரண்டு பூஞ்சை கலந்திருப்பது ஆறு மாதம் கழித்து மரபணு முடிவில்தான் தெரியும்.

ஒற்றை வித்துக் கல்ச்சர் கிடைத்த அதே வாரம் சேமித்துவிடுங்கள். ஃபியூசாரியம் தட்டிலிருந்து தட்டுக்கு மாறிக்கொண்டே போனால் குணம் மாறும். நிறம் வெளிறும், வித்து குறையும், சேர்மம் தயாரிப்பதும் குறையலாம். முதல் தலைமுறையிலிருந்தே 20 விழுக்காடு கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரி பெட்டியில் ஐந்து குப்பி. அந்தப் பெட்டி இல்லாத கல்லூரி என்றால் கவலை வேண்டாம். பூஞ்சை வளர்ந்த சிறு அகார் துண்டுகளைக் கிருமி நீக்கிய நீரில் போட்டு இறுக மூடி வைத்தாலே பல பூஞ்சைகள் மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கரண்டு போனாலும் பாதிப்பில்லை என்பதால் எனக்கு இந்த முறையில்தான் நம்பிக்கை அதிகம். ஒரு பகுதியை வேறு கட்டடத்தில், வேறு ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

தட்டுகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் நடமாடிய தடம், வளைந்து வளைந்து போகும் கோடுகளாகத் தெரிந்தால் உண்ணிப்பேன் ஏறிவிட்டது. ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குப் பூஞ்சையைச் சுமந்துபோய் எல்லாவற்றையும் கலந்துவிடும். அந்தத் தட்டுகளை அன்றைக்கே அழித்து, இன்குபேட்டரை ஆல்கஹாலால் துடைத்து, சேமித்து வைத்த குப்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

7. நோய்க்குக் காரணம் இதுதான் என்று காட்டுவது

நோயுற்ற செடியில் கிடைத்தது என்பதற்காக அது நோயை உண்டாக்கியது என்று ஆகாது. ஆரோக்கியமான ஏலநாற்றுகள் பத்தில் வித்து நீரை ஊற்றுங்கள், பத்தில் வெறும் நீரை ஊற்றுங்கள். மண் கிருமி நீக்கியதாக இருக்கட்டும். மூன்று நான்கு வாரத்தில் அறிகுறி தெரிந்ததும் அந்த வேரிலிருந்து பூஞ்சையை மறுபடி பிரித்து, பழையதும் புதியதும் ஒன்றுதானா என்று பாருங்கள். நாற்றை ஏப்ரலிலேயே சொல்லி வையுங்கள், நடவு காலத்தில் கேட்டால் தரமாட்டார்கள்.

எம்எஸ்சியில் இதை விட்டுவிடுகிறார்கள். "நோய் உண்டாக்கும் பூஞ்சை" என்று தலைப்பில் இருந்தால் விடக்கூடாது.

8. பெயர்

நுண்ணோக்கியில் அரிவாள் போல வளைந்த பெரிய வித்து, சின்ன வித்துகளின் கொத்து, தடித்த சுவருள்ள வித்து மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் மரபணு. எல்லோரும் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியை மட்டும் அனுப்புவார்கள். ஃபியூசாரியத்தில் அது இனக்கூட்டம் வரைதான் சொல்லும். டெஃப்-1 ஆல்ஃபா மரபணுவையும் சேர்த்து அனுப்பினால்தான் இனப்பெயர் உறுதிப்படும். கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையை எடுத்திருந்தாலும் ஐடிஎஸ் மட்டும் போதாது. இரட்டிப்புச் செலவு என்று என்னிடம் பலர் சொன்னார்கள். பத்துக் கல்ச்சருக்கு ஐடிஎஸ் பார்ப்பதைவிட, முக்கியமான மூன்றுக்கு இரண்டு மரபணுவும் பார்ப்பது நல்லது.

முடிவு வந்ததும் ஒப்பீட்டுத் தளத்தில் முதலில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைகோட்டுக் கோப்பைத் திறந்து இரு முனையிலும் குழப்பமான எழுத்துகளை வெட்டிய பிறகு ஒப்பிடுங்கள். மரபணு வரிசைகளின் பொதுத் தளமான ஜென்பேங்கில் இலவசமாகப் பதியலாம், உங்கள் கட்டுரை வரும் தேதி வரை வெளியிடாமல் வைக்கவும் கேட்கலாம்.

9. சேர்மங்களை வெளியே எடுப்பது

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில், 28 டிகிரியில், அசைக்காமல் 21 நாள். ஒரு லிட்டர் போதாது. எனக்கு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் சாறுதான் கிடைத்தது, அதனால் குறைந்தது மூன்று லிட்டர் வையுங்கள். கூடவே பூஞ்சை போடாத வெறும் ஊடகம் ஒரு லிட்டர், அதே இன்குபேட்டரில், அதே 21 நாள். இந்த வெறும் ஊடகத்தை விட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த படியில் வரும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

வடிகட்டி, இழையைத் தனியே, திரவத்தைத் தனியே எடுங்கள். ஃபியூசாரிக் அமிலத்தைத் தேடுகிறீர்கள் என்றால் திரவத்தை அமிலமாக்கி பிஎச் 4 அளவுக்குக் கொண்டுவந்த பிறகு பிரிக்க வேண்டும். இல்லையென்றால் அதில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். எனக்கு இது தெரிய இரண்டு தொகுதி வீணானது. சம அளவு எத்தில் அசிட்டேட் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்கி, மேலே நிற்பதை எடுங்கள். மூன்று முறை. நீர் நீக்கிய சோடியம் சல்ஃபேட் போட்டு ஈரத்தை எடுத்து, ரோட்டரி எவாபரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். எத்தில் அசிட்டேட் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் பன்சன் விளக்கு கூடாது. ஃபியூசாரியம் சாற்றில் நச்சு இருக்கும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள்: கையுறை, புகைக்கூண்டு, எடை போடும்போது முகக்கவசம்.

இந்தப் படியில் பிளாஸ்டிக்கே கூடாது. சாறு தொடும் எல்லாமே கண்ணாடி: குப்பி, பைப்பெட், புனல். மூடியில் டெஃப்ளான் உறை. குப்பியை மூடச் சுற்றும் பாராஃபிலிம் சாற்றைத் தொடக்கூடாது. ஏன் என்பது அடுத்த படியில்.

10. ஜிசி-எம்எஸ் தாளைப் படிப்பது

நான் அதிகம் வருந்தியது இங்கேதான். முதல் சாற்றின் முடிவு வந்தது, உயரமான சிகரம் ஒன்று. பெயர்: பிஸ்-2-எத்தில்ஹெக்ஸைல் தாலேட். பூஞ்சை தயாரித்த புதிய சேர்மம் என்று எண்ணி, அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். அது பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள். என் சாறு இருந்த பிளாஸ்டிக் குழாயிலிருந்து எத்தில் அசிட்டேட் கரைத்து எடுத்தது. வெறும் ஊடகத்தை அனுப்பியிருந்தால் அதிலும் அதே சிகரம் நின்று உண்மையைச் சொல்லியிருக்கும். இதே சேர்மத்தை "மருத்துவ குணமுள்ள இயற்கைப் பொருள்" என்று எழுதிய ஆய்வேடுகளை அப்புறம் நூலகத்தில் பார்த்தபோது மனம் கனத்துப்போனது. அந்த மாணவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு சிகரத்துக்கும் வரும் நிறைமாலையில் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் எடைக்கோடுகள்) 149 என்ற எண்ணில் உயரமான கோடு இருந்தால் தாலேட்டைச் சந்தேகியுங்கள். 73, 207, 281 வந்தால் சிலோக்ஸேன், கருவியின் குழலிலிருந்தே கசிவது. பால்மிடிக் அமிலம், ஒலியிக் அமிலம் ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் இருப்பவை, அவற்றைக் கண்டுபிடிப்பாகக் காட்டாதீர்கள். நூலகப் பொருத்தம் 90 விழுக்காடு என்று தாளில் இருந்தாலும் அது ஊகம்தான். அந்தச் சேர்மத்தைச் சுத்தமாக வாங்கி, அதே கருவியில் ஓட்டி, அதே நேரத்தில் வருகிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

இந்தக் கருவி எளிதில் ஆவியாகும் சிறிய சேர்மங்களை மட்டுமே காட்டும். பியூவெரிசினின் மூலக்கூறு எடை 784 அளவில், அது இந்தத் தாளில் வரவே வராது. அதற்கு, ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரிக்கும் எல்சி-எம்எஸ் வேண்டும். எம்எஸ்சி மாணவருக்கு நான் சொல்வது: மூன்று ஜிசி-எம்எஸ் எடுக்கும் பணத்தில் ஒரு சாற்றையும் ஒரு வெறும் ஊடகத்தையும் எல்சி-எம்எஸ் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். புதிய சேர்மம் என்று சொல்ல வேண்டுமானால் சுத்தமாகப் பிரித்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுக்க வேண்டும். அது பிஎச்டிக்கான வேலை, ஒரு பருவத்தில் முடியாது.

11. ஒப்படைப்பு

இந்தக் கல்ச்சரைத்தான் ஆய்வு செய்தேன் என்று வேறு யாரும் எடுத்துப் பார்க்க வழி வேண்டும். பூனாவில் அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் தேசியப் பூஞ்சைக் கல்ச்சர் சேகரம் இருக்கிறது. அதே போன்ற சேகரங்கள் சண்டிகரில் எம்டிசிசி, தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐடிசிசி. காப்புரிமை எண்ணம் இருந்தால் எம்டிசிசியைக் கேளுங்கள், காப்புரிமைக்காக நுண்ணுயிரை ஒப்படைப்பது பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி அங்கீகாரம் பெற்றது அது. படிவம், கட்டணம், எத்தனை குழாய் அனுப்ப வேண்டும் என்பதை முதலில் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர்கள் வளர்த்துச் சரிபார்த்த பிறகுதான் எண் தருவார்கள், இதழ்களோ அந்த எண்ணைக் கேட்கும். கட்டுரை எழுதத் தொடங்கும் நாளிலேயே கல்ச்சரையும் அனுப்பிவிடுங்கள்.

12. தோட்டத்துக்குத் திரும்பிப் போவது

கடிதத்தில் சொன்னபடி முடிவை ஒரு பக்கத்தில், தமிழிலோ மலையாளத்திலோ எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த மூலையில் எடுத்த செடியில் என்ன பூஞ்சை இருந்தது, எத்தனை செடியில், அவ்வளவுதான். என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். தட்டில் ஒரு பூஞ்சையை வளர்த்த தகுதியில் அதற்குப் பதில் சொல்லக்கூடாது. மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. உங்கள் ஒரு பக்கத் தாளோடு அங்கே போகச் சொல்லுங்கள். முதல் வருடம் என்னைத் திருப்பி அனுப்பிய அதே மேலாளரிடம் மூன்றாம் வருடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் கீழ்ப்பக்கமும் பாத்துக் குடும்மா" என்றார்.